கழுவிய வேர்

இலையுதிர்காலப் பண்டிகைகள் முடிந்து, பண்டிகைக்குக் கட்டிய குடில்களைப் பிரித்துப் போட்டதும் இந்த மலைக்குப் பேருந்துகள் வர ஆரம்பித்துவிடும். நியூயார்க்கிலும் அதைச் சுற்றியும் உள்ள யூதப் பள்ளிக்கூடங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை நான்கு நாளைக்கு இங்கே அனுப்புகின்றன. காட்டில் நடக்க வைக்கிறார்கள். ஏரிக்கரையில் நின்று காலை ஜெபம் சொல்ல வைக்கிறார்கள். மக்கிய குப்பையைக் கையால் அள்ள வைக்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறவர்கள் எல்லாம் இருபத்துச் சொச்சம் வயதுக்காரர்கள், பாதிப் பேர் செருப்புப் போடுவதில்லை. புல்லைப் பார்த்தால் ஓர் ஆசீர்வாதம், காளானைப் பார்த்தால் ஒரு பாட்டு.

நான் இந்த முகாமின் குழாய், கொதிகலன், கூரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவன். காட்டைக் கட்டிப்பிடித்துவிட்டு வருகிற அதே பிள்ளைகள்தான் கழிப்பறையில் காலுறையைப் போட்டு அடைக்கிறார்கள். அதனால் அவர்கள் பாட்டில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை என்பதே எனக்குக் கொஞ்சம் குறைவுதான். ப்ரூக்ளினில் என் அப்பாவை மூன்று கூட்டாளிகள் ஏமாற்றினார்கள், மூன்று பேரும் எங்கள் ஜெபக்கூடத்தில் முதல் வரிசை. நான் எட்டாவதோடு நின்றவன். ஜெபப் புத்தகத்தை இன்றும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன்.

ஹிலிக் வந்தது நான்கு வருடத்துக்கு முன்னால்.

இங்கே சாப்பாடு முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. தட்டில் மிச்சம் வைத்ததையெல்லாம் ஒரு வாளியில் வழித்துப் போட்டு, எல்லோர் முன்னாலும் தராசில் தொங்கவிடுவார்கள். முதல் வேளை வாளி கனக்கும். பிள்ளைகளுக்கு வெட்கமாக இருக்கும். கடைசி நாள் மதியத்துக்குள் வாளியில் ஒன்றும் இல்லாமல் ஆக்க வேண்டும் என்பது மேசைக்கு மேசை போட்டி. வீணாக்காதே என்று எங்கள் வேதமான தோராவில் இருக்கிறதாம். இருக்கட்டும்.

அந்தக் கடைசி மதியம் என் வண்டியில் சாய்ந்துகொண்டு ஒரு பையன் நின்றிருந்தான். ஒல்லி. தலைக்குல்லா ஒரு பக்கம் தொங்கியது. முகம் வெளுத்துப்போயிருந்தது.

“என்னடா பண்ற இங்க?”

“வாந்தி எடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சிட்டிருக்கேன்.”

“என் வண்டி மேல எடுத்தே, தொலைஞ்சே.”

“எடுத்தா அதையும் நிறுப்பாங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விசாரித்தால், அவன் மேசையில் ஆறு பேர் நூடுல்ஸில் சுட்ட குகல் பலகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு தின்ன முடியாமல் முழித்திருக்கிறார்கள். உணவுக்கூடத்துக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டிவிடலாம் என்று ஒருவன் சொல்ல, இவன் வேண்டாம் என்று ஆறு தட்டையும் தன் பக்கம் இழுத்து வழித்துத் தின்றிருக்கிறான்.

“எதுக்குடா அடுத்தவன் எச்சிலெல்லாம் தின்ன? கொட்டியிருக்கலாமே. யாருக்குத் தெரியும்?”

“கொட்டிட்டு உள்ள போய் ‘ஒண்ணுமே இல்ல’ன்னு எல்லாரும் சேர்ந்து கத்துவோம். அது பொய்தானே?”

“பெரிய ரபியாகி ஜெபக்கூடத்துல பிரசங்கம் பண்ணப் போறியோ?”

“இல்ல. பேஸ்பால் அம்பயர்.”

அவன் மேசைதான் ஜெயித்தது. ஜெயித்தவர்களில் ஒருவன் அன்று ஒரு மரக்கன்று நட வேண்டும், அதுவும் வழக்கம். எல்லோரும் இவனைத் தள்ளிவிட்டார்கள். சமையலறைக்குப் பின்பக்கச் சரிவில், ஒட்டுக்கட்டிய ஆப்பிள் கன்று, என் தோள் உயரம். மண்வெட்டி என்னுடையது என்பதால் நானும் போய் நின்றேன். மண்வெட்டியை இரவல் கொடுத்தால் திரும்பி வராது.

“ரெப் ஃபெய்விஷ்,” என்றான். படித்த பெரியவர்களைத்தான் ரெப் என்று கூப்பிடுவது. எனக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தது அவன்தான். “மொத மூணு வருஷம் இதுல காய்ச்சா யாரும் தொடக்கூடாது. தெரியுமா? தோராவுல இருக்கு. ஓர்லான்னு பேரு. நீங்க பாட்டுக்குப் பறிச்சுத் தின்னுடாதீங்க.”

“எனக்குக் கடிக்கப் பல்லே இல்லடா.”

“நாலாவது வருஷம் நான் வருவேன். அந்த வருஷத்துப் பழம் கடவுளோடது. ஒரு காசை வச்சு அதை மீட்டுட்டு, ஆசீர்வாதம் சொல்லிட்டு, மொதப் பழத்தை நான்தான் கடிப்பேன். அதுவரைக்கும் நீங்க காவல்.”

“காவலுக்குக் கூலி?”

“அதான் ரெப் பட்டம் குடுத்தாச்சே.”

பேருந்தில் ஏறின பிறகும் கண்ணாடியைத் தட்டி, இரண்டு விரலால் தன் கண்ணைக் காட்டி மரத்தைக் காட்டினான். பார்த்துக்கொள் என்று.

அடுத்த வருடம், வசந்த காலப் பெசாக் பண்டிகைக்கு முன்னால் அவன் இறந்துபோனான். ரத்தப் புற்றுநோய். குளிர்காலத்தில் கண்டுபிடித்தார்களாம், பனி உருகுவதற்குள் முடிந்துவிட்டது. அலுவலகத்தில் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். நான் கொதிகலன் அறைக்குப் போய் வேலை இல்லாத வேலை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இலையுதிர்காலத்தில் அவன் அம்மா வந்தாள். ஹென்னா என்று பெயர். பள்ளிப் பேருந்தில் அல்ல, தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு குவீன்ஸிலிருந்து. கையில் கசகசாக் கேக்.

“நீங்கதான் ரெப் ஃபெய்விஷா?”

“ஃபெய்விஷ். ரெப்பெல்லாம் உங்க பையன் பண்ணின வேலை.”

மரத்தடியில் புல்லில் உட்கார்ந்தாள். அழவில்லை. ஆஸ்பத்திரியில் ஹிலிக் கடைசியாக ஒழுங்காகப் பேசியது இந்த மரத்தைப் பற்றித்தான் என்று சொன்னாள். “‘நான் போக முடியலன்னா நீங்க ரெண்டு பேரும் போங்க. அதுக்கு முன்னாடி தின்னுடாதீங்க. சரியா பண்ணுங்க’ன்னான். ‘சரியா பண்ணுங்க’ன்னு ரெண்டு தடவை சொன்னான்.” பிறகு என்னைப் பார்த்து, “அவனை நீங்க பார்த்திருக்கீங்க. ஏதாவது சொல்லுங்க. எது இருந்தாலும் சரி,” என்றாள்.

என்னிடம் இருந்தது வாளிக் கதை ஒன்றுதான். அதைச் சொன்னேன். ‘எடுத்தா அதையும் நிறுப்பாங்களா’ என்று வந்ததும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. செத்த பிள்ளையைப் பற்றிப் புதிதாக ஒன்று கேட்பது என்பது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் அடுத்த வருடமும் வந்து அதே கதையைச் சொல்லச் சொன்னாள். அதற்கடுத்த வருடமும். வார்த்தையை மாற்றினால் திருத்தினாள்.

நான் காவல் காத்தேன். மான் வராமல் வலை கட்டினேன். வசந்தத்தில் பூத்தால் பூவைக் கிள்ளிப் போட்டேன், காய் என்று ஒன்று வந்தால்தானே எவனாவது வாயில் போடுவான். ஹென்னா ஒவ்வொரு முறை போகும்போதும், “அடுத்ததுக்கு அடுத்த வருஷம்”, “அடுத்த வருஷம்” என்று அடிமரத்தைத் தட்டிவிட்டுப் போவாள்.

போன வருடம் நவம்பரில், அவள் வந்துபோன பிறகு, எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு வாரம் என் தங்கை வீட்டில் கட்டோடு கிடந்தேன். திரும்பி வந்தால் சமையலறைக்குப் பின்னால் பள்ளம். கழிவுநீர்க் குழாய்க்குப் புதுப் பாதை போட அலுவலகம் முடிவெடுத்திருக்கிறது. ஒரு வாரம் முதுகைக் காட்டினால் போதும் இவர்களுக்கு. மரம் எங்கே என்று கத்தினேன். பத்திரமாக ஏரிப் பக்கம் மாற்றிவிட்டோம் என்றார்கள். போய்ப் பார்த்தேன். நேராகத்தான் நின்றது. முட்டுக்கொடுத்து, சுற்றிலும் சருகு போட்டு, நானே நட்டிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தேன்.

வசந்தத்தில் பூத்தது. இந்த முறை நான் கிள்ளவில்லை. காய்கள் உதிர்ந்தது போக மூன்று தங்கின. கோடை முழுக்க அந்த மூன்றையும் பார்க்காமல் ஒரு காலை காப்பி குடித்ததில்லை. செப்டம்பரில் சிவப்பு ஏறியது.

இந்த அக்டோபரில் ஹென்னாவோடு அவள் கணவரும் வந்தார். டோனியல். மூன்று வருடமாக இந்தப் பக்கமே வராத மனிதர். மருந்துக்கடை வைத்திருக்கிறார், குறைவாகப் பேசுவார். வெள்ளைச் சட்டை, ஓய்வுநாளுக்குப் போடுகிற கோட்டு. ஹென்னா புது உடுப்புப் போட்டிருந்தாள். கையில் சின்னக் கத்தி, வெள்ளைத் துணி, அதில் முடிந்த ஒரு கால் டாலர். கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள் இருவரும். முகத்தை மட்டும் பார்க்கக் கூடாது.

“காய்ச்சிருக்கா?” என்றாள் காரிலிருந்து இறங்குவதற்கு முன்பே.

“மூணு.”

“மூணு!” கணவரின் கையைப் பிடித்தாள். “டோனியல், மூணாம்!”

“மரம் இடம் மாறியிருக்கு,” என்றேன். “ஏரிப் பக்கம். குழாய் போட்டாங்க.”

அவர் நின்றுவிட்டார். “மாத்தினாங்களா? எப்போ?”

“போன நவம்பர். நான் ஊர்ல இல்ல. நல்லாத்தான் நட்டிருக்காங்க.”

“வேர்ல ஒட்டின மண்ணை உதறிட்டு எடுத்தாங்களா? மண்ணோட சேர்த்து எடுத்தாங்களா?”

“அதென்ன கேள்வி? மண்ணோடதான் எடுத்திருப்பாங்க. முட்டாளுங்கதான், ஆனா அவ்வளவு முட்டாளுங்க இல்ல.”

“நிச்சயமா?”

“என்ன விஷயம்?”

அவர் மெதுவாகச் சொன்னார், மருந்துச் சீட்டை விளக்குகிற மாதிரி. “மரத்தைப் பிடுங்கி வேற இடத்துல வைக்கும்போது, அது உயிரோட இருக்கிற அளவுக்குப் பழைய மண் வேர்ல ஒட்டியிருந்தா, பழைய வருஷக் கணக்கு தொடரும். மண் போயிடுச்சுன்னா அது புதுசா நட்ட மரம். கணக்கு மறுபடியும் ஒண்ணுலேருந்து.”

ஹென்னா துணி முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து யார்தெனா ஓடிவந்தாள். இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர்களில் ஒருத்தி, இருபத்துநான்கு வயது, தலையில் ஒரு கம்பளித் துணியைச் சுற்றியிருப்பாள். நல்ல பெண். அதுதான் பிரச்சினை, இங்கே எல்லோரும் நல்லவர்கள்.

“நீங்கதானே ஹிலிக்கோட அம்மா? உங்களுக்காகத்தான் காத்திட்டிருந்தேன்!” என்று ஹென்னாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ஒரு வருஷமா வச்சிருக்கேன். மரத்தை மாத்தினது எங்க குழுதான். இயந்திரம் வேணாம்னுட்டோம். பிள்ளைங்களே கையால தோண்டினாங்க. தோண்டறதுக்கு முன்னாடி ஹிலிக் யாருன்னு சொன்னேன். வெளிய எடுத்ததும் ஏரித் தண்ணியில வேரைக் கழுவினோம். ஒரு துளி மண் இல்லாம! வேரோட மயிரு ஒவ்வொண்ணும் தெரிஞ்சுது, வெள்ளையா, நூல் மாதிரி. மரம் எப்படித் தண்ணி குடிக்குதுன்னு அன்னைக்குத்தான் அதுங்களுக்குப் புரிஞ்சுது. ஒவ்வொரு பிள்ளையும் வேரைத் தொட்டு ஆசீர்வாதம் சொல்லிச்சு. ஒரு பொண்ணு முத்தம் குடுத்தா. அவ்வளவு அழகா…”

ஹென்னாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?”

டோனியல் மரத்தடுப்பின்மேல் உட்கார்ந்துவிட்டார். ஓய்வுநாள் கோட்டு, ஈரக் கட்டை.

நான்தான் சொன்னேன். எனக்கே இப்போதுதான் தெரிந்த சட்டத்தை என் பாஷையில் சொன்னேன். “நீ மண்ணைக் கழுவிட்ட. நாலு வருஷத்தையும் சேர்த்துக் கழுவிட்ட.”

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. ஓர்லாவைப் பற்றி வாரம் தவறாமல் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள்தான். மூன்று வருடம் என்பது தெரியும், பொறுமை, நன்றி என்று அதற்கு ஒரு பாட்டுக்கூட இருக்கிறது. மாற்றி நடுவது அந்தப் பாட்டில் இல்லை.

“ரபியைக் கேளு,” என்றாள் ஹென்னா கணவரிடம். “இப்பவே கேளு.”

இங்கே கைபேசி எடுக்கிற இடம் பம்ப் கொட்டகை மேடு ஒன்றுதான். நான்கு பேரும் ஏறினோம். அவர்களுடைய ஜெபக்கூடத்து ரபி, ஹிலிக்கை அடக்கம் பண்ணினவர், உடனே எடுத்தார். டோனியல் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார்.  தொடர்பு போய்விட்டதோ என்று நான் திரையை எட்டிப் பார்த்தேன்.

“டோனியல், நல்லா கேளு,” என்றது குரல். “மண் ஒட்டவே இல்லன்னு நிச்சயமா தெரிஞ்சா, நான் ஒண்ணும் பண்ண முடியாது. அது ஓர்லா. ஆனா இஸ்ரேல் தேசத்துக்கு வெளியே ஓர்லாவுல சந்தேகம்னு வந்துட்டா, சந்தேகம் சாப்பிடறவன் பக்கம். பெரியவங்க அதுல தாராளமா இருந்திருக்காங்க. அதனால கேக்கறேன். அங்க இருந்தவங்க யாராவது நிச்சயமா பார்த்தாங்களா? இல்ல, அப்படி இருந்திருக்கும்னு நினைக்கிறாங்களா?”

வாழ்நாள் முழுக்க எதையும் சந்தேகப்பட்டே வந்தவன் நான். சந்தேகம் ஒருவருக்குப் பழம் கொடுக்கும் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன்.

யார்தெனா பக்கம் திரும்பினேன். “நவம்பர்ல ஏரித் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும். எவ்வளவு நேரம் கழுவியிருப்பீங்க? சும்மா முக்கி எடுத்திருப்பீங்க.”

“இல்ல, நாங்க…”

“சுத்தி முப்பது பிள்ளைங்க. கத்தல், கூச்சல். நீ பிள்ளைங்களைப் பார்ப்பியா, வேரைப் பார்ப்பியா? நடுவேர்ல, உள்பக்கமா, ஒரு கட்டி மண் ஒட்டியிருந்தா உனக்குத் தெரியுமா? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன கேட்கிறேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. கைபேசியின் பக்கம் குனிந்தாள்.

“ரபி, நான்… உள்பக்கமெல்லாம் நான் பார்க்கல. கொஞ்சம் மண் இருந்திருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியல.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “அப்போ சந்தேகம். டோனியல், காசை வச்சு மீட்டுட்டு சாப்பிடுங்க. ஹென்னா, கேக்குதாம்மா? சாப்பிடுங்க.”

மேட்டிலிருந்து இறங்கும்போது டோனியல் பேசிக்கொண்டே வந்தார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. ஹிலிக் ஆட்டத்துக்கு நடுவர் நின்றால் சொந்த அணிக்காரனையே வெளியே அனுப்புவானாம், அப்புறம் ஒரு வாரம் யாரும் அவனோடு சேர மாட்டார்களாம். “‘அவுட்னா அவுட்தானே அப்பா’ம்பான்,” என்று சொல்லிச் சிரித்தார். ஹென்னா சிரிக்கவில்லை.

ஏரியில் காற்று இல்லை. மேப்பிள் இலைகள் தண்ணீரில் அப்படியே கிடந்தன. நான் வலையை அவிழ்த்தேன். டோனியல் ஒன்றைப் பறிக்கப் போய்க் கையை எடுத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள்தான் பறித்தாள். திருகவில்லை, உள்ளங்கையில் ஏந்தித் தூக்கினாள், அது கழன்று வந்தது. துணியை விரித்து வைத்து, பக்கத்தில் கால் டாலரை வைத்தார்கள். டோனியல் மீட்கிற வார்த்தைகளைச் சொன்னார். பிறகு பழத்தை இரண்டாக வெட்டினார். உள்ளே அவ்வளவு வெள்ளை. சாறு கத்தியில் ஓடியது. ஒரு பாதியை அவளிடம் கொடுத்து, தன் பாதியைப் பிடித்துக்கொண்டு, ஆசீர்வாதத்துக்கு வாயைத் திறந்தார்.

“கொஞ்சம் இரு,” என்றாள்.

“என்ன?”

யார்தெனா பின்னால் தள்ளி நின்றிருந்தாள். ஹென்னா அவளைப் பார்த்தாள். கோபமாக இல்லை.

“இங்க வாம்மா. மண் இருந்துதா?”

“ரபிகிட்ட சொன்னேனே…”

“ரபிகிட்ட சொன்னது இருக்கட்டும். மொதல்ல ஓடிவந்து என் கையைப் பிடிச்சப்ப, உன் மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? அந்த மூஞ்சியோட சொல்லு. மண் இருந்துதா?”

“ஹென்னா,” என்றார் டோனியல். “விடு. அனுமதி குடுத்துட்டாங்க. விடு.”

யார்தெனா தலையில் சுற்றியிருந்த துணியைக் கழற்றி முகத்தில் வைத்துக்கொண்டாள். “இல்ல,” என்றாள் துணிக்குள்ளிருந்து. “இல்லவே இல்ல. நான்தான் ஒவ்வொரு வேரா விரிச்சு வச்சுக் கழுவினேன். மன்னிச்சிடுங்க. மன்னிச்சிடுங்க.”

அவள் பொய் சொன்னபோதுதான் எனக்கு அவள்மேல் முதன்முதலாக மரியாதை வந்திருந்தது. உண்மையைச் சொன்னபோது ஓங்கி அறையலாம் போல இருந்தது.

“ஏன் கேட்ட?” டோனியலின் குரல் உடைந்தது. “ஹென்னா, ஏன் கேட்ட? கையில இருந்துச்சு. வாய்கிட்ட வந்துடுச்சு. கேக்காம இருந்திருந்தா சாப்பிட்டிருக்கலாமே. நாலு வருஷமா எனக்கு ராத்திரி வேற நெனப்பே இல்ல. இதை ஒரு வாய் கடிச்சிட்டா ஏதோ ஒண்ணு முடியும்னு இருந்தேன். ஏன் கேட்ட?”

“நமக்காக மட்டும் சாப்பிடறோம்னா கேட்டிருக்க மாட்டேன், இது அவனுக்காக,” என்றாள். கையில் இருந்த பாதி ஆப்பிளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கொட்டிட்டு வந்து ‘ஒண்ணுமே இல்ல’ன்னு கத்தறவன் இல்லையே அவன். ஆறு தட்டு தின்னான் டோனியல்.”

அந்தக் கதையை அவளுக்குச் சொன்னது நான். வருடா வருடம் வார்த்தை மாறாமல் சொன்னது நான்.

டோனியல் பிறகு தன் பாதியை அவள் பாதியோடு சேர்த்து வைத்தார். மற்ற இரண்டையும் அவரே பறித்தார். “எரிக்கணும்,” என்றார் என்னிடம். “ஓர்லாவை எதுக்கும் பயன்படுத்தக்கூடாது. பறவைக்குக்கூடப் போடக்கூடாது. உங்க குப்பைக் குழிக்கும் ஆகாது.”

சருகு எரிக்கிற இரும்புப் பீப்பாய் படகுத்துறைப் பக்கம் இருக்கிறது. காய்ந்த கிளைகளை ஒடித்துப் போட்டுப் பற்றவைத்தேன். யார்தெனா சுள்ளி பொறுக்கிக் கொண்டுவந்தாள். போ என்று யாரும் சொல்லவில்லை, அவளும் போகவில்லை. நன்றாகக் கனல் விழுந்ததும் டோனியல் பழங்களை உள்ளே வைத்தார். போடவில்லை, வைத்தார். கை சுட்டிருக்கும்.

“இனிமே எத்தனை?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“நம்ம புது வருஷம் பொறந்தாச்சு, அதனால இப்போ நடக்கறது ரெண்டாவது,” என்றார். “இன்னும் மூணு இலையுதிர்காலம் போகணும்.”

“நான் இருந்தா பூவைக் கிள்ளறேன்.”

“இருப்பீங்க ரெப் ஃபெய்விஷ்,” என்றாள் ஹென்னா. பிறகு யார்தெனாவிடம், “நீ அதுவரைக்கும் இங்க இருப்பியா?” என்று கேட்டாள்.

“தெரியல,” என்றாள் அவள். பொய் சொல்லிச் சோர்ந்துபோயிருந்தாள் போல.

ஆப்பிள் லேசில் எரியாது. தண்ணீர் ஜாஸ்தி. முதலில் சீறியது. தோல் வெடித்து, சாறு கொதித்து வழிந்தது. அப்புறம் வாசனை வந்தது. அடுப்பில் வெந்த ஆப்பிளும் கருகின சர்க்கரையும் சேர்ந்த வாசனை, பண்டிகைக்கு முதல் நாள் சாயங்காலம் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அடிக்குமே, அந்த வாசனை. என் வாய் ஊறியது. வெட்கமாக இருந்தது.

டோனியல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “வாசனையும் அனுபவிக்கக் கூடாது,” என்றார். “அதுவும் பயன்தான்.” புகை போகாத பக்கமாக விலகி நின்றார். யார்தெனாவும் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் பக்கம் போனாள். நானும் போனேன். எனக்கு அந்தச் சட்டத்தில் நம்பிக்கை உண்டா இல்லையா என்று அன்று யோசிக்கவில்லை. அவர் போனார், போனேன்.

ஹென்னா நகரவில்லை. புகை நேராக அவள்மேல்தான் போய்க்கொண்டிருந்தது. புது உடுப்பு, வாரி முடிந்த தலை, எல்லாவற்றின்மேலும். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நெஞ்சு மேலும் கீழும் ஏறி இறங்கியது, மூச்சை எவ்வளவு உள்ளே இழுக்க முடியுமோ அவ்வளவு இழுக்கிறவள் மாதிரி.

டோனியல் பார்த்தார். வாயைத் திறந்தார். அவர் சட்டம் தெரிந்தவர், சொல்ல வேண்டியவர்.

அவர் கூப்பிடவில்லை. நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. பழம் முழுக்கக் கரியாகி வாசனை அடங்கும் வரை ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.